எழுத்துக்காகப் பிறந்த அட்டை

பழைய சாமான் கடையில் கம்ப்யூட்டர் அட்டைகளைக் கிலோக் கணக்கில் நிறுத்துத்தான் விலை பேசுகிறார்கள். ஓரத்தில் வரிசையாக மின்னும் தங்க முலாமுக்குத்தான் அந்த விலை. அட்டையில் என்ன சரித்திரம் இருக்கிறது என்பது தராசுக்கு எப்படித் தெரியும்? அப்படி உருக்குவதற்குப் போகவிருந்த ஒரு குவியலிலிருந்து நான் பொறுக்கி வந்த அட்டை இப்போது என் மேஜை மேல் கிடக்கிறது. "இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதிலைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1981-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். கம்பெனி தன் சொந்தக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. திரையில் எதையாவது பார்க்க வேண்டுமானால் அதற்குள் ஓர் அட்டையைச் செருகியாக வேண்டும். இரண்டு வகை அட்டைகள் கிடைத்தன. ஒன்று வர்ண அட்டை. படம் போடும், ஆனால் எழுத்து கரடுமுரடாக இருக்கும். மற்றொன்று ஒற்றை வர்ண அட்டை; எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் ஒரு சிறு வட்டம்கூட வரைய வராது.

இரண்டாவது அட்டையின் ரகசியத்தை அச்சாபீஸ் தெரிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். கம்பாஸிட்டர் முன்னால் இருக்கும் எழுத்துப் பெட்டியைப் போல, அட்டைக்குள் 256 உருவங்கள் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. ஆங்கில எழுத்துக்கள், எண்கள், சில கிரேக்க எழுத்துக்கள், கட்டம் கட்டுவதற்கான கோடுகள் போன்றவை. திரையில் 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துக்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்று குறித்துக்கொள்ள 4,000 பைட்டுகள் போதும். அட்டையிலும் 4 கிலோபைட் நினைவகமே இருந்தது. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் பெட்டியில் இல்லாத எழுத்தை எங்கிருந்து எடுத்துக் கோப்பது?

இந்தச் சங்கடம் வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரருக்கு வந்தது. டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சிக் கட்டுரையை ஐ.பி.எம். யந்திரத்தில், தம் தாய்மொழியின் எழுத்தில் எழுத வேண்டும் என்று அவர் விரும்பினார். தாய் மொழியில் மெய்யெழுத்துக்கள் மட்டும் 44. உயிர்க் குறிகள் எழுத்துக்கு மேலும் கீழும் முன்னும் பின்னும் வரும். அவற்றுக்கும் மேலே ஏறி உட்காரும் தொனிக் குறிகள் வேறு. ஒற்றை வர்ண அட்டையின் பெட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வர்ண அட்டையிலோ திரையின் உயரம் முழுவதற்கும் 200 புள்ளிகள்தான். எழுத்துக்கு எட்டுப் புள்ளி உயரம். அதற்குள் இத்தனை அடுக்குகளை எப்படி அடக்குவது?

வேறொருவராயிருந்தால் "ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டுப் போகலாம்" என்றிருப்பார். இவர் 1982-ல் புதிய அட்டை ஒன்றையே செய்துவிட்டார். ஹெர்குலிஸ் கிராபிக்ஸ் கார்டு என்று அதற்குப் பெயர். எழுத்துப் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, கூடவே திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஏற்றி அணைக்கும் வசதியை அதில் சேர்த்தார். அகலத்தில் 720, உயரத்தில் 348. பெருக்கிப் பார்த்தால் 2,50,560 புள்ளிகள். இவற்றை நினைவில் வைக்க 32 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். அட்டையில் இருந்தது 64. அதாவது இரண்டு திரைகளுக்குப் போதுமான இடம். புள்ளி நம் கையில் இருந்தால், கோலம் எந்த மொழியில் இருந்தால் என்ன?

அட்டை அமோகமாக விற்றது. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குத் தாய் எழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் புரோகிராம் இந்த அட்டையைப் பயன்படுத்திக்கொண்டது. தெளிவான எண்களும் வரைபடமும் ஒரே திரையில் கிடைத்ததால் ஆபீஸ்கள் இதை விரும்பி வாங்கின. பிறகு தைவானிலிருந்து நகல்கள் வந்து குவிந்தன. என் மேஜையில் இருப்பதும் நகல்தான். 1987-ல் ஐ.பி.எம்.மின் வி.ஜி.ஏ. வந்த பின் பழைய அட்டைகளின் செல்வாக்குக் குறையலாயிற்று. 1990-களின் முடிவில் ஹெர்குலிஸ் என்ற பெயரைப் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது.

இனி என் கதை. இம்மாதிரி அட்டையைப் பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும். தங்கப் பற்களை மெல்லிய அழி ரப்பரால் துடைக்க வேண்டும். கையிலுள்ள நிலைமின்சாரம் போக முதலில் யந்திரத்தின் இரும்புச் சட்டத்தைத் தொட வேண்டும். உள்ளே இருக்கும் பொடிச் சுவிட்சுகளை ஒற்றை வர்ணத்துக்கு மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரை எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வகை அட்டைகளுக்கும் அதே ஒன்பது ஊசிச் செருகிதான். ஆனால் வர்ண அட்டை வினாடிக்குச் சுமார் 15,700 கோடுகள் அனுப்பும்; பச்சைத் திரை எதிர்பார்ப்பதோ 18,400-க்கு மேல். இது தெரியாமல், முன்பு ஒரு முறை வர்ண அட்டையில் பச்சைத் திரையைச் செருகினேன். கீச்சென்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாசனை. முப்பது வருஷத்துக்கு மேல் பிழைத்திருந்த திரை என் அவசரத்தால் ஒரு நிமிஷத்தில் மாண்டது. குற்றம் முழுவதும் என்னுடையதுதான்.

இன்னொரு திரை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. இந்தத் தடவை தம்பி மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். அட்டை உயிரோடு இருந்தது. "என்ன எழுத்துப் போடலாம், பெரியப்பா?" என்று கேட்டான். பெட்டியில் தாய் எழுத்து இல்லாதது போலவே தமிழும் இல்லை அல்லவா? அரிச்சுவடி தொடங்கும் இடத்திலேயே நாமும் தொடங்கலாம் என்றேன். கட்டம் போட்ட காகிதத்தில் 'அ' எழுதிப் புள்ளிகளை எண்ணினோம். அவன் சிறிய புரோகிராம் ஒன்று எழுதினான். கறுப்புத் திரையில் பச்சையாக ஓர் 'அ' எழுந்து நின்றது.

வீட்டில் எட்டிப் பார்த்து, "இந்த ஓர் எழுத்துக்காகவா இத்தனை பாடு?" என்றார்கள்.

"ஆமாம். அந்த அட்டையைச் செய்தவரும் இதற்காகத்தான் அத்தனை பாடு பட்டார்" என்றேன்.

இன்று கைப்பேசியில் ஒரு குழந்தைகூடத் தமிழில் எழுதுகிறது. அது கஷ்டமான காரியமாக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதற்குச் சாட்சி சொல்ல ஓர் அட்டையாவது உருகாமல் இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.