இலைகளை எண்ணிப் பார்த்தால்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலத்தில், ஜூன் மாதம் வந்தால் சாலையோரங்கள் நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பொலியும். நீண்ட கதிர்களில் அடுக்கடுக்காகப் பூத்து நிற்பது லூப்பின் என்னும் செடி. காட்டுப்பூ என்றே பலரும் அதனைக் கொண்டாடுவர். ஆயினும் அது அம்மண்ணுக்குரிய பூவன்று. அம்மண்ணுக்குரிய லூப்பின் அம்மாநிலத்தில் மறைந்தே போயிற்று.

பூவை மட்டும் கண்டு இனம் சொல்ல முயல்வோர் இங்கே ஏமாறுவர். லூப்பின் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அகத்திப் பூவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்புப் புதிதன்று: மேலே கொடிபோல் நிமிர்ந்த இதழ் ஒன்று, பக்கங்களில் சிறகுகளென இரண்டு, அவற்றினுள் மறைந்து படகுபோல் இணைந்த இதழ்கள் இரண்டு. இரு இனங்களுக்கும் இவ்வமைப்பு ஒன்றே. நிறமும் பெரும்பாலும் நீலமே.

வேறுபாட்டைக் காட்டிக் கொடுப்பது இலைதான். இலவமரத்தின் இலையில் காண்பதுபோல், காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து சிற்றிலைகள் கைவிரல்களாய் விரிகின்றன. அவற்றை எண்ண வேண்டும். கிழக்கின் நாட்டு இனத்தில் பெரும்பாலும் 7 முதல் 11 வரை இருக்கும். அவை சிறியவை, ஏறத்தாழ 5 செ.மீ. நீளத்தோடு நின்றுவிடும். வெளியிலிருந்து வந்த இனத்தில் 9 முதல் 17 வரை, நீளமும் மிகுதி. எண்ணிக்கை 10 என்று வந்தால் என்ன செய்வது? அப்போது செடியின் உயரத்தையும் பார்க்க வேண்டும். நாட்டுச் செடி முழங்கால் அளவினது. மற்றது இடுப்புக்கு மேலும் வளரும்.

நாட்டு இனத்துக்கு 'லூப்பினஸ் பெரென்னிஸ்' என்று 1753-இல் பெயரிட்டவர் லின்னேயஸ். மற்றது அக்கண்டத்தின் மேற்குப் பகுதிக்குரியது. 1799-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த டேவிட் டக்ளஸ், இலண்டன் தோட்டக்கலைக் கழகத்தின் சார்பில் 1825-இல் கொலம்பியா ஆற்றுப் பகுதியை அடைந்து, அதன் விதைகளைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஜான் லிண்ட்லி 1827-இல் அதற்கு 'லூப்பினஸ் பாலிஃபில்லஸ்' எனப் பெயர் சூட்டினார். 'பல இலைகளையுடையது' என்பது அதன் பொருள். அடையாளத்தைப் பெயரிலேயே பொதிந்து வைத்தார் அவர். (டக்ளஸோ 1834-இல், ஹவாய்த் தீவில் காட்டு மாடுகளைப் பிடிக்கத் தோண்டிய குழிக்குள் விழுந்து, 35-ஆம் வயதில் மாண்டார்.) பின்னர்த் தோட்டச் செடியாகவே அமெரிக்காவின் கிழக்குக்கு வந்த அது, வேலி தாண்டிச் சாலையோரங்களில் பரவியது.

எந்தப் பூவாயினும் அழகாயிருந்தால் போதாதா என்று கேட்கலாம். கார்னர் நீலன் என்றொரு சிறு வண்ணத்துப்பூச்சி உண்டு. நியூயார்க் மாநிலத்துக் கார்னர் என்னும் இடத்தில் பிடிக்கப்பட்டவற்றை ஆராய்ந்து, 1940-களில் அதனை வகைப்படுத்திப் பெயரிட்டவர் நாவலாசிரியர் விளாதிமிர் நபக்கோவ். இயற்கையில் அதன் புழு, நாட்டு லூப்பினின் இலையைத் தவிர வேறெதையும் உண்பதில்லை. அந்த லூப்பினோ மணற்பாங்கான, வெயில் படும் திறந்த வெளியையே நாடும். அத்தகைய நிலங்கள் வீடுகளாயின. எஞ்சியவற்றில் காட்டுத்தீயைத் தடுத்ததால் மரங்கள் அடர்ந்து நிழல் சூழ்ந்தது. செடி குறைய, பூச்சியும் குறைந்தது. 1992-இல் அமெரிக்க அரசு அதனை அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக அறிவித்தது. சாலையோரத்து நீலப்பூக்கள் அதன் பசிக்கு உதவவில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்டு நகரில், 2001 முதல் இப்பூச்சியை மீண்டும் குடியேற்றும் முயற்சி நடந்தது. அதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் நாட்டு லூப்பின் விதைகளை வகுப்பறையில் முளைக்க வைத்து, நாற்றுகளைத் தாங்களே கொண்டுபோய் அந்த மணல்வெளியில் நட்டார்கள்.