விளையாட்டுக் கருவியின் வன்தட்டு: ஒரு சிறு வரலாறு



பள்ளி விடுமுறை நெருங்கும் வேளைகளில் பெற்றோர் சிலர் என்னிடம் ஓர் ஐயத்தை எழுப்புவதுண்டு. "சார், பையனோட பிளேஸ்டேஷன்ல இடமே இல்லையாம். பெரிய ஹார்ட் டிஸ்க் மாத்தினா வாங்கின கேம் எல்லாம் போயிடுமா?" என்பதே அது. இதற்குப் 'போகும்' என்றோ 'போகாது' என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில், 'விளையாட்டு' என நாம் அழைப்பது உண்மையில் மூன்று பொருள்களாகும். ஒன்று, விளையாட்டின் நிரல். இரண்டு, பிள்ளை பல நாள் விளையாடிச் சேர்த்த முன்னேற்றம். அதாவது, சேமிப்புக் கோப்பு. மூன்று, அதனை விளையாடும் உரிமை. ஒரு காலத்தில் இம்மூன்றும் கையடக்கப் பெட்டி ஒன்றினுள் ஒன்றாக இருந்தன. பின்னர் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவ்வாறு பிரிந்த கதையை வரலாற்று நோக்கில் காண்போம்.

எழுத முடியாத பெட்டி

1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபேர்சைல்ட் நிறுவனம் 'சேனல் எஃப்' எனும் கருவியை வெளியிட்டது. ஜெரி லாசன் எனும் கறுப்பினப் பொறியியலாளரின் தலைமையில் உருவான அக்கருவியில்தான், விளையாட்டு நிரலைச் சில்லில் பதித்து, கேட்ரிட்ஜ் எனும் பெட்டியில் அடைத்துத் தனியே விற்கும் முறை முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டில் வெளிவந்த அட்டாரி 2600 அம்முறையைப் பரவலாக்கியது.

அச்சில்லைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. எனவே, மின்சாரத்தை நிறுத்தியவுடன் பிள்ளையின் முன்னேற்றம் மறைந்துவிடும். இச்சிக்கலுக்கு ஜப்பானில் கண்ட ஒரு தீர்வு ஆசிரியர்களாகிய நமக்குச் சுவையானது. 1986இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' எனும் விளையாட்டு, ஆட்டத்தை நிறுத்தும்போது 20 ஜப்பானிய எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லைத் திரையில் காட்டியது. பிள்ளைகள் அதனைத் தாளில் எழுதி வைத்து, மறுநாள் மீண்டும் உள்ளிட வேண்டும். ஓர் எழுத்துப் பிழை போதும், முன்னேற்றமனைத்தும் வீண்! சொல்வதெழுதுதலுக்கு இதனைவிடக் கண்டிப்பான ஆசிரியர் உண்டோ?

அதே 1986இல் நிண்டெண்டோ நிறுவனம் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' விளையாட்டை ஜப்பானில் எழுதத்தக்க வட்டில் வெளியிட்டது. 1987இல் அமெரிக்காவுக்குச் சென்ற அதன் கேட்ரிட்ஜினுள் ஒரு சிறு மின்கலம் இருந்தது. கருவியை அணைத்த பின்னரும் அம்மின்கலம் சேமிப்பைக் காத்தது. நிரல், முன்னேற்றம், உரிமை ஆகிய மூன்றும் அப்பெட்டியிலேயே குடியிருந்தன. கேட்ரிட்ஜை நண்பனுக்கு இரவல் கொடுத்தால் மூன்றும் சேர்ந்தே போகும். மூன்றும் சேர்ந்தே திரும்பும்.

நினைவட்டைக் காலம்

1994 டிசம்பரில் சோனி நிறுவனத்தின் முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளிவந்தது. அதன் விளையாட்டுகள் குறுவட்டில் இருந்தன. குறுவட்டில் சேமிக்க இயலாது என்பதால் நினைவட்டையைத் தனியே வாங்க வேண்டியிருந்தது. அதன் கொள்ளளவு 128 கிலோபைட் மட்டுமே; அதுவும் 15 கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்திற்குக்கூட அது போதாது.

முதற்பிரிவு இங்குதான் நிகழ்ந்தது. பிள்ளையின் உழைப்பு நினைவட்டைக்குச் சென்றது. நிரலும் உரிமையும் வட்டிலேயே தங்கின. எனினும், இரண்டும் கையில் எடுக்கக்கூடிய பொருள்களே. எது தொலைந்தது என்பது உடனே தெரிந்துவிடும்.

வன்தட்டு நுழைகிறது

2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ், வன்தட்டை உள்ளடக்கி வந்த முதல் வீட்டு விளையாட்டுக் கருவியாகும். வன்தட்டின் அளவு 8 ஜிகாபைட். ஆனால், அந்தந்தக் கருவிக்கே உரிய கடவுச்சொல்லால் அது பூட்டப்பட்டிருந்தது. பயனர் தாமே அதனை மாற்றுவதை நிறுவனம் எதிர்பார்க்கவில்லை.

2006 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 வேறொரு வழியைக் கைக்கொண்டது. மடிக்கணினிகளில் பயன்படும் 2.5 அங்குல வன்தட்டே அதிலும் இருந்தது. சில திருகாணிகளைக் கழற்றி, கடையில் கிடைக்கும் பெரிய வன்தட்டைப் பயனரே பொருத்தலாம். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 கருவியிலும் இவ்வசதி தொடர்ந்தது.

இடம் ஏன் போதாமற்போனது? பிளேஸ்டேஷன் 4 கருவியின் முதல் வன்தட்டு 500 ஜிகாபைட். வட்டில் வாங்கினாலும் விளையாட்டு முழுவதும் வன்தட்டில் படியெடுக்கப்படும். ஒரு விளையாட்டு 40 முதல் 50 ஜிகாபைட் பிடித்தால், பத்து விளையாட்டுகளில் தட்டு நிறைந்துவிடும். 2018இல் வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' இரண்டு வட்டுகளில் வந்தது. ஏறத்தாழ 100 ஜிகாபைட் இடத்தை அது ஒன்றே விழுங்கியது.

உரிமம் எனும் பூட்டு

வன்தட்டு மாறினாலும் நிரலை மீண்டும் கொண்டுவரலாம். உரிமை அவ்வாறு எளிதில் இடம்பெயர்வதில்லை. 2005இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360 இதற்குத் தக்க சான்றாகும். அதன் வன்தட்டைக் கழற்றி வேறு கருவியில் மாட்டலாம். எனினும், இணையக்கடையில் வாங்கிய விளையாட்டின் உரிமம் இரண்டு இடங்களில் கட்டப்பட்டிருந்தது: ஒன்று வாங்கியவரின் கணக்கு, மற்றொன்று வாங்கப் பயன்பட்ட கருவி. அதே கருவியில் வீட்டிலுள்ள எவரும் விளையாடலாம். வேறு கருவியிலோ, வாங்கியவர் தம் கணக்கில் இணையத்துடன் இணைந்திருந்தால் மட்டுமே விளையாட முடியும்.

அக்கருவிகள் பெருமளவில் பழுதடைந்ததால், 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதக் காலத்தை மூன்று ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அதற்கென நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. மாற்றுக் கருவி பெற்றவர்களிடம் பழைய வன்தட்டு இருந்தது. விளையாட்டுகளும் அதில் இருந்தன. ஆயினும், தம்பி தங்கையரின் கணக்கில் அவை திறக்கவில்லை! உரிமத்தைப் புதிய கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி 2008இல்தான் வந்தது.

பிளேஸ்டேஷன் 3இன் வன்தட்டிலோ, தரவு அந்தந்தக் கருவிக்குரிய மறைக்குறியீட்டால் பூட்டப்பட்டிருந்தது. அதனைக் கழற்றி மற்றொரு கருவியில் மாட்டினால், முழுதும் அழித்த பின்னரே பயன்படுத்த முடியும். தட்டு நம் கையில் இருக்கும். திறவுகோல் கருவியினுள் இருக்கும்.

கடைகள் மூடப்பட்டபோது

'கணக்கு இருக்கிறதே, மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாமே' எனச் சிலர் கருதலாம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால், எப்போதும் அன்று. நிண்டெண்டோவின் வீ கருவிக்கான இணையக்கடை 2019 ஜனவரி 30 அன்று மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ கருவிகளின் கடைகளில் 2023 மார்ச் 27 அன்று விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. வாங்கியவற்றை அதன் பின்னரும் மீண்டும் பதிவிறக்க நிறுவனங்கள் இடமளித்தன. எனினும், அந்த இடமளிப்பு நிறுவனத்தின் கையில் உள்ளதேயன்றி நம் கையில் இல்லை.

இதனினும் கடுமையான எடுத்துக்காட்டு 'பி.டி.' எனும் இலவச முன்னோட்ட விளையாட்டு. கொனாமி நிறுவனத்துக்காக ஹிதேயோ கொஜிமா உருவாக்கிய அது, பிளேஸ்டேஷன் 4 கருவிக்கென 2014 ஆகஸ்டில் வெளியானது. (திகில் விளையாட்டு, பிள்ளைகளுக்கு உகந்ததன்று.) அது விளம்பரப்படுத்திய முழு விளையாட்டு கைவிடப்பட்டது. 2015 ஏப்ரலில் முன்னோட்டமும் கடையிலிருந்து நீக்கப்பட்டது. முன்னரே பெற்றவர்களாலும் பிறகு அதனை மீண்டும் பதிவிறக்க இயலவில்லை. அவர்களின் வன்தட்டில் இருந்த படியே இறுதிப் படியாயிற்று. காப்புநகல் எடுக்காமல் வன்தட்டை மாற்றியவர் அதனை நிரந்தரமாக இழந்தார்.

சட்டமும் இதனைக் கவனிக்கத் தொடங்கியுள்ளது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, இத்தகைய எண்மப் பொருள்களை விற்போர், வாங்குபவர் பெறுவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகக் கூற வேண்டும். 2025 ஜூனில் வெளிவந்த நிண்டெண்டோ சுவிட்ச் 2 கருவிக்கான சில விளையாட்டு அட்டைகளில் நிரலே இல்லை. பதிவிறக்குவதற்கான திறவுகோல் மட்டுமே உள்ளது. 1976இன் கேட்ரிட்ஜில் நிரல் இருந்தது, சேமிப்பு இல்லை. இந்த அட்டையிலோ உரிமை இருக்கிறது, நிரல் இல்லை!

திருகாணியைக் கழற்றும் முன்

இவ்வரலாற்றை அறிந்தால் செய்ய வேண்டியவையும் தாமே விளங்கும். பிளேஸ்டேஷன் 4 கருவியை எடுத்துக்கொள்வோம்.

முதலில் பிள்ளையின் சேமிப்புக் கோப்புகளை ஒரு விரலியில் படியெடுங்கள். மீண்டும் பெற முடியாத பொருள் அதுவே. அடுத்து, வெளிவன்தட்டில் முழுக் காப்புநகல் எடுங்கள். வென்ற கோப்பைகள் அந்நகலில் சேரா. ஆதலால், முன்னதாகவே அவற்றை இணையக் கணக்குடன் ஒருங்கிணையுங்கள். கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பெற்றோரிடம் இருப்பதை உறுதிசெய்யுங்கள். உரிமை அங்குதான் உள்ளது. புதிய தட்டு 2.5 அங்குல அளவும் 9.5 மில்லிமீட்டருக்கு மிகாத தடிப்பும் கொண்டிருக்க வேண்டும். அதனைப் பொருத்திய பின், கருவியின் முழு இயக்க மென்பொருளை விரலி வழி நிறுவி, காப்புநகலை மீட்டெடுக்கலாம்.

காப்புநகலின் பயனைக் கணக்கிட்டும் காணலாம். 400 ஜிகாபைட் தரவை, நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் வெளிவன்தட்டிலிருந்து படியெடுக்க ஏறக்குறைய 67 நிமிடங்கள் ஆகும். அதனையே 50 எம்பிபிஎஸ் இணையத்தில் பதிவிறக்க ஏறத்தாழ 18 மணி நேரம் பிடிக்கும். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இது நல்லதொரு கணிதப் பயிற்சி.

2017 மார்ச் முதல் பிளேஸ்டேஷன் 4 கருவியில் வெளிவன்தட்டிலேயே விளையாட்டுகளை நிறுவும் வசதியும் உண்டு. இடப் பற்றாக்குறை மட்டுமே சிக்கல் எனில், திருகாணியைத் தொடாமலேயே அது தீரும்.

ஆசிரியர்களே, வரலாற்றுப் பாடத்தில் மூலச் சான்றுகளைப் பற்றிக் கற்பிக்கும்போது இதனையும் ஒரு நடவடிக்கையாகத் தரலாம். மாணவர் தம் வீட்டிலுள்ள விளையாட்டுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் எதிரே மூன்று கட்டங்கள் வரையட்டும்: நிரல் எங்கே? சேமிப்பு எங்கே? உரிமை யார் பெயரில்? எந்தக் கட்டம் வெறுமையாக நிற்கிறதோ, அதனை நிரப்பும் பணியைப் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து தொடங்கலாம்.