பாசெட்கிச் செப்புச் சிற்பமும் பாக்தாத் களவும்: ஒரு மறுபார்வை

அக்காத் அரசன் நராம்-சின் காலத்ததான பாசெட்கிச் சிற்பம், 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகத்திலிருந்து களவுபோய், அவ்வாண்டு நவம்பரில் மீட்கப்பட்டது. அங்குக் காட்சிக்கூடங்களில் நடந்த களவைத் தொழில்முறைத் திருடர் கையில் பட்டியலோடு வந்து செய்த வேலையாகக் கொள்வது ஆய்வாளரிடையே வழக்காகிவிட்டது. இச்சிற்பத்துக்கு நேர்ந்தவை அம்முடிவுக்கு இடங்கொடுப்பனவாகத் தெரியவில்லை.

பட்டியல் கருத்து பெரிதும் சில எண்களையே நம்பி நிற்கிறது. ஏறத்தாழ 450 பேழைகளில் சேதமுற்றவை 28. காணாமற்போன பொருள்கள் 40. ஹம்முராபி கல்தூணின் படி தொடப்படவே இல்லை. இவற்றைத் தனித்து நோக்குவோருக்குத் தேர்ந்த கண் ஒன்று பின்னால் இருந்ததாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் ஈராக் போருக்கு முன்பே அருங்காட்சியகப் பணியாளர்கள் 8,366 பொருள்களை மறைவிடத்துக்கு மாற்றியிருந்தனர். காலிப் பேழையை எவரும் உடைக்க மாட்டார். கூடங்களில் எஞ்சியவை பெரும்பாலும் கனத்தாலோ பொருத்தியிருந்த முறையாலோ நகர்த்த அரியவை. அவற்றுள் புகழ்பெற்றவை பல இருந்தன. ஆக, திருடரின் தேர்வாகத் தோன்றுவதில் பெரும்பகுதி பணியாளர்கள் முன்னரே செய்த தேர்வின் மிச்சம். படி தப்பியதற்கும் நிபுணர் கண் வேண்டியதில்லை. இரண்டு மீட்டரைத் தாண்டும் தூணைத் தூக்கிச்செல்ல யார் முனைவார்?

பாசெட்கிச் சிற்பத்தின் எடை சுமார் 150 கிலோ. ஏறக்குறைய தூய செம்பில், மெழுகு வார்ப்பு முறையில் செய்தது. வட்டப் பீடத்தின்மேல் கால் மடக்கி அமர்ந்த ஆணுருவின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதி மட்டுமே எஞ்சியுள்ளது. பீடத்துப் பொறிப்போ, ஓராண்டில் ஒன்பது போர்களை வென்ற அரசனைத் தம் நகரின் கடவுளாக்குமாறு அக்காத் மக்கள் தெய்வங்களிடம் வேண்டியதைச் சொல்கிறது. இத்தகையதொன்றை எந்தச் சந்தையிலும் கமுக்கமாக விற்க முடியாது. வாங்குபவர் காத்திருந்தார் எனில், அது ஏழு மாதம் பாக்தாதிலேயே கழிவுநீர்க் குழியில் கிடந்தது ஏன்? மேலே கிரீஸ் பூசியிருந்ததைப் பாதுகாப்பு அறிவின் அடையாளமாகக் காட்டலாம். இரும்புப் பட்டறைப் பையனுக்கும் அந்த அறிவு உண்டு.

மற்ற மீட்புகளும் இதையே ஒத்துள்ளன. அதே களவில் போன வர்க்கா சாடி ஜூன் மாதம் கார் ஒன்றில் துண்டுகளாகத் திரும்பி வந்தது. வர்க்கா முகச்சிற்பம் செப்டம்பரில் பாக்தாதுக்கு அருகே தோட்டமொன்றின் மண்ணுக்குள் கிடைத்தது. அரசன் என்டமேனாவின் தலையற்ற சிலை மட்டும் நாடு கடந்தது; 2006இல்தான் ஈராக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. இதைப் பட்டியல் கருத்துக்குச் சார்பான ஒரே வலுவான சான்றாக ஏற்கலாம். எனினும் அதைப் பளிங்குப் படிக்கட்டில் உருட்டிப் படிகளை நொறுக்கியே இறக்கியிருக்கிறார்கள். தேர்ந்த கைகள் அப்படிச் செய்வது ஐயத்துக்குரியது.

உள்ளாள் உதவி என்ற வாதம் அடித்தளக் கிடங்குக்குப் பொருந்தும். அங்கு நுழைந்தவர்களிடம் சாவிகள் இருந்தன. வெளிச்சத்துக்குப் பொதிகட்டும் நுரைத்துண்டுகளைக் கொளுத்தியவர்கள், இருட்டில் சாவிகளைத் தவறவிட்டு, உருளை முத்திரை போன்ற சிறுபொருள்களைப் பெட்டிபெட்டியாக அள்ளிச்சென்றனர். சட்டைப்பைக்குள் அடங்கி, விற்கவும் எளிதான பொருள்கள் அவை. அக்களவுக்குரிய விளக்கத்தைக் காட்சிக்கூடங்களுக்கும் நீட்டிப்பதற்கு இதுவரை முன்வைக்கப்பட்ட சான்றுகள் போதா.