வெண்ணிற வீழ்படிவின் வரலாறு: பள்ளி ஆய்வகச் சோதனையும் உதகைப் படச்சுருள் ஆலையும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி வேதியியலில் குளோரைடு அயனியைக் கண்டறியும் சில்வர் நைட்ரேட் சோதனையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சோதனைக்குரிய வினையே உதகமண்டலத்தில் இயங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் உற்பத்திக்கும் அடிப்படை. வகுப்பறைக்கென ஆக்கப்பட்ட கலைச்சொற்களை மட்டும் கொண்டு தமிழ் அறிவியல் வரலாற்றை எழுதுவது நிறைவாகாது. தொழிற்கூட வழக்கும் தொகுக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: வீழ்படிவு, சில்வர் நைட்ரேட், கலைச்சொல், படச்சுருள், உதகமண்டலம், காந்தல்

முன்னுரை

காந்தலில் வளர்ந்த இக்கட்டுரையாளர் மேல்நிலைப் பள்ளியில் செய்த உப்புப் பகுப்பாய்வில், நிறமற்ற இரு கரைசல்கள் கலந்தவுடன் தயிர் போன்ற வெண்ணிறப் பொருள் தோன்றியது. 'குளோரைடு உள்ளது' எனப் பதிவேட்டில் எழுதியதோடு பாடம் முடிந்தது. அதே வகை வினையை உதகையிலேயே ஓர் ஆலை பல்லாண்டுகள் பேரளவில் நிகழ்த்திவந்தது என்பதைப் பின்னரே அறிய நேர்ந்தது. இவ்விடைவெளியே இவ்வாய்வின் தொடக்கம்.

சோதனையின் தோற்றம்

உப்புக் கரைசலில் நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் சேர்க்கப்படுகின்றன. கார்பனேட்டும் வெள்ளியுடன் வீழ்படிவு தரக்கூடும் என்பதால், அதனை முன்னரே நீக்க அமிலம் உதவுகிறது. சில்வர் குளோரைடு அம்மோனியாவில் கரையும். வெளிர்மஞ்சள் நிறச் சில்வர் புரோமைடு அரிதாகவே கரையும். மஞ்சள் நிறச் சில்வர் அயோடைடு கரையாது. இவ்வேறுபாடே மூன்றையும் பிரித்தறியத் துணைசெய்கிறது.

இது தேர்வுக்கெனத் தோன்றிய சோதனையன்று. சில்வர் குளோரைடு ஒளிபட்டுக் கருமையாவதைச் சுவீடன் வேதியியலாளர் ஷீலே 1777இல் விளக்கினார். நாணயங்களின் வெள்ளித் தூய்மையை உப்புக் கரைசல் கொண்டு அளந்தறியும் முறையைப் பிரான்சின் கே-லுசாக் 1832இல் வெளியிட்டார். செருமானியரான ஃபிரசேனியஸின் பண்பறி பகுப்பாய்வு நூல் 1841இல் வெளிவந்தது. அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தறியும் முறைவைப்பு இத்தகைய நூல்களின் வழியே கல்விக்கூடங்களில் நிலைபெற்றது. நாணயச் சாலையின் தேவையும் மாணவரின் சோதனைக் குழாயும் ஒரே வினையால் இணைந்தவை.

தமிழில் வேதியியல்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வழியாகக் 'கெமிஸ்தம்' என்னும் நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினர். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்தது. இம்முயற்சிகளில் எழுந்த முதன்மை வினா, ஒரு பொருளை வடமொழியால், தூய தமிழால், ஒலிபெயர்ப்பால் ஆகிய மூன்றில் எதனால் சுட்டுவது என்பதே. பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன் என்னும் மூன்று வழக்குகளும் அவ்விவாதத்தின் சான்றுகள். பெயர் பற்றிய ஆய்வு பெருகிய அளவுக்குச் செயல் பற்றிய ஆய்வு பெருகவில்லை.

உதகையில் அதே வினை

இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் பொதுத்துறை நிறுவனமாக 1960இல் தொடங்கப்பட்டது. உதகையை அடுத்த இந்து நகரில் 1967இல் உற்பத்தி தொடங்கியது. திரைப்படச் சுருள், எக்ஸ்-கதிர்ப் படச்சுருள், ஒளிப்படத் தாள் முதலியன அங்கு உருவாயின. தூசு குறைந்த காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் இத்தொழிலுக்கு ஏற்றவை.

படச்சுருள் உற்பத்தியில் சில்வர் நைட்ரேட்டும் புரோமைடு உப்பும் ஜெலட்டின் கரைசலில் வினைபுரிகின்றன. ஒளிபட்டால் கெடும் என்பதால் வினையும் பூச்சும் இருளிலோ தகுந்த மங்கலொளியிலோ நடைபெறும். சோதனைக் குழாயில் துகள்கள் திரண்டு அடியில் வீழ்கின்றன. படச்சுருளிலோ ஜெலட்டின் அவற்றை வீழவிடாமல் தாங்குகிறது. வீழ்ந்தால் படம் இல்லை. ஆகவே 'வீழ்படிவு' என்னும் வகுப்பறைச் சொல் ஆலையின் செயலுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. ஆங்கில வழக்கைப் பின்பற்றி இப்பூச்சினைப் 'பால்மம்' என்பதும் பொருந்தாது. பால்மம் என்பது ஒரு நீர்மத்தில் மற்றொரு நீர்மம் விரவியிருப்பது. இங்கு விரவியிருப்பவையோ திண்மத் துகள்கள். ஆங்கிலத்தின் தளர்ந்த வழக்கு மொழிபெயர்ப்பின்வழித் தமிழுக்கும் வந்துள்ளது. இருளில் கைப்பழக்கத்தால் இவ்வேலையைச் செய்த தொழிலாளர்கள் இதனை எச்சொல்லால் வழங்கினர் என்பதைக் கலைச்சொல் தொகுதிகள் கேட்டதில்லை.

முடிவுரை

1990களில் நலிவுற்ற அந்நிறுவனம், எண்மிய ஒளிப்படத்தின் பரவலுக்குப் பின் மீளவில்லை. ஆலையில் பணிபுரிந்தோர் முதுமையடைந்துவருகின்றனர். அவர்தம் வாய்மொழி வரலாற்றைக் காந்தல் முதலிய உதகைக் குடியிருப்புகளிலிருந்து தொகுப்பது உடனடித் தேவையாகும். அவ்வாறு தொகுக்கப்படும் சொற்கள் வேதியியல் கலைச்சொல்லாக்கத்திற்கு உரம் சேர்க்கும். வெண்ணிற வீழ்படிவைக் காணும் நீலகிரி மாணவர், அதனைத் தம் ஊர் உழைப்பின் வரலாறாகவும் கற்க வழி பிறக்கும்.