கடலடியில் கிடந்த கணக்கு



உங்களில் பலர் ஜோக் அருவிக்குப் போய் வந்திருப்பீர்கள். அதற்கு கெர்சப்பா அருவி என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு சரக்குக் கப்பலின் கதை இது.

'எஸ்.எஸ். கெர்சப்பா' 1919-இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். 1940 டிசம்பரில் தேயிலை, இரும்பு, தபால் மூட்டைகள், கூடவே டன் கணக்கில் வெள்ளிக் கட்டிகளுடன் கல்கத்தாவிலிருந்து பிரிட்டனுக்குப் புறப்பட்டது. ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்திலிருந்து மற்ற கப்பல்களோடு அணியாகச் சென்றது. போர்க்காலத்தில் அதுதான் பாதுகாப்பு. ஆனால் வழியில் புயல். நிலக்கரி தீர ஆரம்பித்தது. வேறு வழியின்றி அணியை விட்டு விலகி, அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் தனியாகத் திரும்பியது. 1941 பிப்ரவரி 16 இரவு, யு-101 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதை மூழ்கடித்தது.

கப்பலில் 80 பேருக்கு மேல் இருந்தார்கள். பெரும்பாலோர் 'லஸ்கர்கள்' எனப்பட்ட இந்திய மாலுமிகள். ஒரு படகில் ஏறியவர்கள் குளிரிலும் தாகத்திலும் ஒவ்வொருவராக இறந்தார்கள். 13 நாள் கழித்து இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை நெருங்கியபோது அலை படகைக் கவிழ்த்தது. உயிரோடு கரை சேர்ந்தவர் இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ் ஒருவர் மட்டுமே.

2011-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் சுமார் 4,700 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 2,792 வெள்ளிக் கட்டிகள் மேலே வந்தன, மொத்தம் 100 டன்னுக்கு மேல். பிரிட்டிஷ் அரசு போர்க்காலத்திலேயே காப்பீட்டுத் தொகையைக் கொடுத்துவிட்டதால் வெள்ளி அரசுக்குச் சொந்தம். ஒப்பந்தப்படி 80 சதவீதம் மீட்ட நிறுவனத்துக்குப் போனது.

வெள்ளியோடு 700-க்கும் மேற்பட்ட கடிதங்களும் கிடைத்தன. இருட்டிலும் சேற்றிலும் 70 ஆண்டு கிடந்தும் பல படிக்கும் நிலையில் இருந்தன. லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் அவற்றைப் பாதுகாத்து, 2018-இல் காட்சிக்கு வைத்தது.

வங்கியில் வேலை பார்த்த காலத்தில், கணக்கு நேராகாமல் நாங்கள் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். கெர்சப்பாவில் வெள்ளிக் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிட்டது. கரியள்ளிப் போட்ட லஸ்கர்களின் வீட்டில் எத்தனை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களோ, அந்தக் கணக்கை யார் எழுதுவது?

உங்கள் வீட்டில் பழைய கடிதக் கட்டு இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். ஒருமுறை பிரித்துப் படித்துப் பாருங்கள்.