உறங்கிய சாஸனம்

நவீன இந்தியாவின் முதல் சர்வகலாசாலைகள் எவை என்று கேட்டால், கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவோம். வருஷமும் மனப்பாடம்: 1857. ஆனால் அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே, பட்டம் வழங்கும் உரிமை பெற்ற கல்லூரி ஒன்று ஹூக்ளி நதிக்கரையில் இருந்தது. உரிமை கொடுத்தவர் ஆங்கில அரசரல்ல, டென்மார்க் மன்னர்!

அந்த ஊர் ஸெராம்பூர். கல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 15 மைல். அப்போது அது டேனிஷ்காரர்களுடையது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் பாதிரிமாரை விரும்பாததால், வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்ட் என்ற மூவரும் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். கேரி செருப்புத் தைத்தவர். வார்ட் அச்சுத் தொழில் செய்தவர். மார்ஷ்மன் நெசவாளியின் மகன். சர்வகலாசாலையில் படித்தவர் மூவரில் ஒருவருமில்லை.

அவர்கள்தாம் 1818-ல் 37 மாணவர்களோடு கல்லூரியைத் தொடங்கினார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளோடு ஹிந்துப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஸம்ஸ்கிருதமும் மேனாட்டு விஞ்ஞானமும் ஒரே கூரையின் கீழ் இடம் பெற்றன. மார்ஷ்மன் டென்மார்க்குக்கே போய் அரசரைக் கண்டார். 1827-ல் ஆறாம் பிரடெரிக் மன்னரின் சாஸனம் கிடைத்தது. கோபன்ஹேகன் சர்வகலாசாலைக்கு உள்ள உரிமை இதற்கும் உண்டு! சாதியோ நிறமோ தேசமோ எவரையும் தடுக்காது என்று 1833-ல் விதியும் எழுதினார்கள்.

பிறகு சாஸனம் உறங்கிவிட்டது. கல்கத்தா வர்த்தகக் கம்பெனிகள் திவாலானபோது கல்லூரியின் முதலும் போயிற்று. கேரி 1834-லும், மார்ஷ்மன் 1837-லும் காலமானார்கள். 1845-ல் டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடியையும் ஸெராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஆனால், வீட்டை விற்கிறவர் கிணற்றுப் பாத்தியதையை மறக்காமல் எழுதி வைப்பதுபோல், கல்லூரியின் உரிமை செல்லும் என்று உடன்படிக்கையில் ஒரு ஷரத்தைச் சேர்த்திருந்தார்கள்.

1857-ல் கல்லூரி கல்கத்தா சர்வகலாசாலையோடு இணைந்தது. அக்காள் தங்கையிடம் கை நீட்டிய கதைதான். 1883-ல் அந்தக் கலைப் பிரிவும் மூடப்பட்டது. ஹவல்ஸ் என்ற பிரின்ஸிபால் வந்த பிறகே மறுபடி உயிர் வந்தது. சாஸனத்தின்படி முதல் இறையியல் பட்டம் 1915-ல் வழங்கப்பட்டது. எண்பத்தெட்டு வருஷத்து உறக்கம்! 1918-ல் வங்காளச் சட்டம் ஒன்றும் அதற்குத் துணை நின்றது.

இன்று மதுரையிலும் சென்னையிலும் இறையியல் படிப்போர்கூட ஸெராம்பூர்ப் பட்டம் பெறுகிறார்கள். டென்மார்க் கொடி இறங்கிவிட்டது, கம்பெனியும் போய்விட்டது. அந்த ஒரு ஷரத்து மட்டும் பிழைத்திருக்கிறது. பட்டம் கொடுக்கும் உரிமையை ஓர் அரசரின் கையெழுத்து ஒரே நாளில் தந்துவிடும். அந்த உரிமைக்கு உயிர் கொடுக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் வந்து சேர மூன்று தலைமுறை ஆகலாம். அதுவரை கதவைத் தாழிடாமல் வைத்துப் போனதுதான் அந்தச் செருப்புத் தைத்த கையின் பெருமை.