தோட்டத் துண்டாடலும் வீடிழந்தோர் கணக்கும்

தோட்டத் தொழிலாளியின் வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போவது. வட சிலாங்கூரின் இரப்பர்த் தோட்டங்களில் மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பமாயினும், அந்நிலத்தில் ஓர் அடிக்கும் உரிமை பெற்றதில்லை. தோட்டம் கைமாறும்போதே இவ்வுண்மை வெளிப்படும்.

1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். சிறு நிலத்தை வாங்கியவர் தம் குடும்பத்தாரைக் கொண்டோ ஒப்பந்தக்காரரைக் கொண்டோ பால் வெட்டிக்கொண்டார். லயமும் மருந்தகமும் பள்ளியும் அவருக்குச் சுமையாயின. இதுவே ‘தோட்டத் துண்டாடல்’ எனப்பட்டது.

1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து அளந்தார். மருந்து தேட முனைந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். அவர் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 100 வெள்ளிப் பங்கைத் தொழிலாளர் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தினர். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் பணத்தில் வாங்கப்பட்டது. வேலையும் வீடும் ஒருங்கே காக்கப்பட்டன. தோட்ட நிலத்தைத் துண்டாக்கத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற சட்டவிதியும் பின்னர் வந்தது.

ஆயினும் ஏக்கர்க் கணக்கு நிலம் எவர் கைக்குப் போயிற்று என்பதைச் சொல்லும். குடும்பம் எங்கே போயிற்று என்பதைச் சொல்லாது. தோட்டத்தை விட்டு நகரப் புறம்போக்கில் குடிசையிட்டோர் பலர். ஆங்கே அவர்கள் சட்டத்துக்குப் புறம்பான குடியேறிகளாகவே எண்ணப்பட்டனர்.

இதற்கு மாறான சான்று நம் வட்டாரத்திலேயே உள்ளது. பெஸ்தாரி ஜெயா என இன்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியைச் சார்ந்த மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் 20 ஆண்டுகளுக்கு மேலாக வீடு கேட்டனர். ‘தோட்ட மக்கள்’ என்று பொதுப்படக் கூறாமல், 245 குடும்பங்கள் என்று எண்ணிக் கேட்டனர். 2023இல் கூட்டரசு அறிவித்த வீட்டுத்திட்டமும் அந்த 245 குடும்பங்களுக்கே. கேட்டது எத்தனை, கொடுத்தது எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்க்க அவ்வெண் இடந்தருகிறது அன்றோ?

தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டிலும் இத்தகைய கணக்கு உண்டு. மாணவன் விலகிய நாளும் காரணமும் அங்கே குறிக்கப்படுகின்றன. பள்ளி இடம் மாறினாலும் மூடப்பட்டாலும் அவ்வேடுகளைக் காத்து வைத்தல் ஆசிரியர் கடமை. எவர் வீடிழந்தனர் என்று நாளை கேட்போருக்கு அவை விடை கூறும்.